விரல்நக அகல மண்டையோடு எந்த இனத்துக்குரியது? தொடக்கநிலையினருக்கான செய்முறை

அழிந்துபோன சிறு ஊர்வனவற்றை வகைப்படுத்தப் பழக, தொடக்கத்தில் புதைபடிவமே தேவையில்லை. மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் தோட்டத்து வீட்டு அலமாரிக்குப் பின்னால் செத்து உலர்ந்து கிடந்த ஒரு பல்லியையும், செம்பனை வரிசைகளுக்கு இடையே இறந்து கிடந்த ஓர் ஓணானையும் வைத்துத்தான் நான் பழகினேன்.

கையுறை அணிந்து, தலையை மட்டும் தண்ணீர் நிரப்பிய போத்தலில் இட்டு, அவ்வப்போது தண்ணீரை மாற்றிச் சில வாரங்கள் ஊறவிடுங்கள். நாற்றத்துக்கு அஞ்சி நான் முதல் பல்லியைக் கொதிக்க வைத்தேன். மண்டையோடு துண்டு துண்டாகக் கழன்று, எலும்புகளைத் தேநீர் வடிகட்டியில் பொறுக்க வேண்டியதாயிற்று.

அடுத்து, நகைக்கடைக்காரர் கண்ணில் வைத்துப் பார்ப்பது போன்ற லென்ஸால் தாடையை உட்புறமாகப் பாருங்கள். பல்லின் வடிவத்தை இப்போதைக்கு மறந்துவிடுங்கள், ஏனெனில் உணவுக்கு ஏற்ப அது எளிதில் மாறும். பல் எலும்பில் ஒட்டியிருக்கும் விதமே முதலில் கவனிக்க வேண்டியது. பல்லியின் கூரிய சிறு பற்கள் தாடையின் உட்சுவரில் சாய்ந்து ஒட்டியிருக்கும், இது புளூரோடோன்ட். ஓணானின் முன்பற்கள் சிலவற்றைத் தவிர, மற்ற முக்கோணப் பற்கள் தாடை விளிம்பின் மேலேயே எலும்போடு எலும்பாக இணைந்திருக்கும். அவை விழுந்து முளைப்பதில்லை, தேய்ந்துகொண்டே போகும். இது அக்ரோடோன்ட். முதலையைப் போலக் குழிக்குள் பல் நின்றால் தீகோடோன்ட்.

பிறகு கண்குழிக்குப் பின்னால் பாருங்கள். பல்லி, ஓணான், முதலை, பறவை ஆகியவற்றின் மூதாதையருக்கு அங்கே இரண்டு திறப்புகளும், ஒவ்வொன்றின் கீழும் ஓர் எலும்புப் பாலமும் இருந்தன. ஓணானில் மேல்பாலம் மட்டும் உண்டு. வீட்டுப் பல்லியில் இரண்டுமே இல்லை. நியூசிலாந்தில் வாழும், ஓணான் போலத் தோன்றினாலும் வேறு குழுவைச் சேர்ந்த டுவாடாரா என்ற ஊர்வனவில் கீழ்ப்பாலம் முழுமையாக உள்ளது. ஆனால் அதன் பழைய உறவான, வேல்சில் கிடைத்த தொடக்க ஜுராசிக் காலத்து கெஃபைரோசாரஸில் அப்பாலம் முழுமையாக இல்லை. ஆகவே கீழ்ப்பாலத்தை மட்டும் நம்பித் தீர்ப்பு எழுதக் கூடாது.

தாடைத் துண்டு அக்ரோடோன்ட் எனத் தெரிந்தால், ஓணான் குடும்பமா டுவாடாரா குடும்பமா என்ற ஐயம் எழும். அண்ணம் மிஞ்சியிருந்தால் நல்லது: மேல்தாடைப் பல்வரிசைக்கு இணையாக அண்ணத்திலும் பெரிய பற்கள் ஒரு வரிசையாக நின்றால், அது டுவாடாரா பக்கம் சாயும்.

இந்த வரிசைப்படி பார்ப்பதன் பயனை மியன்மாரின் அம்பரில் கிடைத்த ஒரு மண்டையோடு காட்டுகிறது. (அம்பர் என்பது நம் பால்மரத்துப் பால் போன்றதன்று, கெட்டியாகி இறுகிய மரப்பிசின்.) சுமார் 9.9 கோடி ஆண்டுப் பழமையுள்ள, ஒன்றரை சென்டிமீட்டர்கூட இல்லாத அந்த நீள்மூக்கு மண்டையோட்டை, 2020 மார்ச்சில் ஓர் ஆய்வுக் கட்டுரை பறவையைப் போன்ற டைனோசராக அறிவித்தது. எனினும் பற்கள் குழிக்குள் இல்லை. மூக்குத்துளைக்கும் கண்குழிக்கும் நடுவே பறவைகளின் இனவழியில் எதிர்பார்க்கப்படும் திறப்பும் இல்லை. கண்ணைச் சுற்றிய எலும்புத் தகடுகள் பல்லிகளில் காணப்படும் கரண்டி வடிவில் இருந்தன. அக்கட்டுரை அதே ஆண்டு ஜூலையில் திரும்பப் பெறப்பட்டது. 2021இல் இரண்டாவது மாதிரியோடு ஒப்பிட்டு, அது பல்லியினம் என்று ஆய்வாளர்கள் விளக்கினார்கள். அதற்கு முதலில் இட்ட ஓக்குலுடென்டாவிஸ் என்ற பெயர் மட்டும் மாறவில்லை. அதன் கடைசியில் உள்ள ‘அவிஸ்’ என்பதற்குப் பறவை என்று பொருள்.