சேலம் தட்டுவடை செட்: நமத்துப் போகாமல் அடுக்கும் முறை

இரண்டு தட்டுவடை (அரிசி மாவில் சுட்ட மொறுமொறு சின்னத் தட்டை), நடுவில் துருவிய காய்கறி, ஒரு பக்கம் காரச் சட்னி, மறுபக்கம் மல்லி புதினாச் சட்னி. சேலத்துக்காரர்கள் ‘செட்’ என்று சொல்வது இதைத்தான். ரொட்டி இல்லாத சாண்ட்விச். ஒன்றை அப்படியே வாயில் போட்டுக்கொள்ள வேண்டும். கடித்துப் பாதியைக் கையில் வைத்திருந்தால் உள்ளே இருப்பதெல்லாம் சட்டையில் விழும்.

அம்மாபேட்டை, குகை, பொன்னம்மாபேட்டை, செவ்வாய்பேட்டை என்று ஊரின் பழைய பகுதிகளில் சாயங்காலமானால் செட் வண்டிகள் வந்துவிடும். இவற்றில் பல, தறிச் சத்தம் கேட்டு வளர்ந்த தெருக்கள். புவிசார் குறியீடு பெற்ற சேலம் வெண்பட்டு இந்த ஊர்த் தறிகளில் நெய்வதுதான். மளிகை மொத்த வியாபாரத்துக்கு லீ பஜார் பக்கத்திலேயே இருக்கிறது. அரிசி மாவு, பொட்டுக்கடலை, வரமிளகாய், பூண்டு எல்லாம் உள்ளூரிலேயே சல்லிசாகக் கிடைக்கும். மாங்காய்க்குக் கேட்கவே வேண்டாம், சேலம். தட்டுவடையை வீடுகளில் சுட்டுப் பாக்கெட் போட்டுக் கொடுப்பவர்கள் ஒரு பக்கம், அதை வாங்கி வண்டியில் அடுக்கி விற்பவர்கள் இன்னொரு பக்கம் என்று தொழில் இரண்டாகப் பிரிந்திருக்கிறது. வண்டியில் அடுப்பு தேவையில்லை, எண்ணெய்ச் சட்டி தேவையில்லை. துருவல், இரண்டு டப்பா சட்னி, ஒரு கண்ணாடிப் பெட்டி இருந்தால் கடை தயார். இந்தப் பண்டம் தெருவுக்குத் தெரு பரவியதற்கு ருசி மட்டும் காரணமில்லை, இந்த வசதியும்தான்.

வடநாட்டு சாட் வகைகளோடு இதைச் சேர்த்துப் பேசுவோர் உண்டு. பார்வைக்கு உறவு தெரியும். ஆனால் பேரீச்சம்பழம் போட்ட இனிப்புச் சட்னி, தயிர், சேவ் எதுவும் செட்டுக்குள் வராது. பச்சைப் பூண்டின் காட்டமும் வரமிளகாயும்தான் இதன் முதுகெலும்பு. பக்கத்துக் கரூரில் இதே சட்னி, துருவல், பொரியை வைத்துச் செய்யும் ‘கரம்’ பிரபலம். அதுவும் நெசவு ஊர்தான்.

செய்முறைக்கு வருவோம். மொத்தப் பிரச்சினையும் ஈரம். தட்டுவடை என்பது தண்ணீரை விரட்டியடித்த அரிசி மாவு. சட்னியும் காயும் தண்ணீர் நிறைந்தவை. இரண்டும் சேர்ந்த நொடியிலிருந்து நமக்கு மூன்று நான்கு நிமிடம்தான் கெடு. கீழே சொல்லும் ஒவ்வொரு வேலையும் அந்தக் கெடுவைக் கொஞ்சம் நீட்டிப்பதற்காகவே.

தட்டுவடை

நாலு பேருக்கு ஆளுக்கு ஐந்து செட் என்றால் 40 தட்டுவடை வேண்டும். அதற்கு நைசான பச்சரிசி மாவு 1 கப் (சுமார் 140 கிராம்), வறுத்து அரைத்த உளுத்த மாவு 1 மேசைக்கரண்டி, பொட்டுக்கடலை மாவு ஒன்றரை மேசைக்கரண்டி, உருகாத வெண்ணெய் 15 கிராம், மிளகாய்த்தூள் அரை தேக்கரண்டி, உப்பு அரை தேக்கரண்டி, பெருங்காயத்தூள் இரண்டு சிட்டிகை, எள் அரை தேக்கரண்டி, பொடியாக நறுக்கிய கறிவேப்பிலை ஒரு கொத்து.

வீட்டுத் தட்டையில் போடும் ஊறவைத்த கடலைப்பருப்பும் வேர்க்கடலையும் செட்டுக்கு வேண்டாம். பருப்பு மேடு தட்டியிருந்தால் மேல் வடை ஒட்டி உட்காராது, சறுக்கும். சரியாக வடியாத பருப்பு எண்ணெயில் வெடிக்கவும் செய்யும்.

அரிசி மாவை வெறும் வாணலியில் சிறு தீயில் நிறம் மாறாமல், கை பொறுக்காத சூடு வரும்வரை வறுத்து, ஆறியதும் எல்லா மாவையும் சேர்த்துச் சலிக்கவும். கட்டி இருந்தால் அந்த இடத்தில் வடை உப்பும். வெண்ணெயை மாவில் விட்டு விரல் நுனியால் பிசிறி, ஒரு பிடி பிடித்தால் கொழுக்கட்டையாக நிற்க வேண்டும், அழுத்தினால் உதிர வேண்டும். பிறகு மீதிப் பொருள்களையும் போட்டு, தண்ணீரைத் தெளித்துத் தெளித்துப் பிசையவும். 90 முதல் 100 மில்லி வரை பிடிக்கும். மாவு சப்பாத்தி மாவைவிடக் கொஞ்சம் கெட்டியாக, விரிசல் விடாமல் இருக்கட்டும். ஈரத்துணி போட்டு மூடிவிடுங்கள், மாவு சீக்கிரம் காயும்.

பெரிய கோலிக்குண்டு அளவில், அதாவது 6, 7 கிராமுக்கு உருட்டி, எண்ணெய் தடவிய இரண்டு பிளாஸ்டிக் தாளுக்கு நடுவில் வைத்து அடி தட்டையான டம்ளரால் ஒரே அழுத்து. 5 சென்டிமீட்டர் அகலம், இரண்டு முதல் இரண்டரை மில்லிமீட்டர் கனம். இதைவிட அகலமானால் ஒரே வாயில் போகாது. இதைவிட மெல்லியதானால் சட்னி பட்டதும் மடியும். முள்கரண்டியால் நாலைந்து இடத்தில் குத்திவிட்டு, சுத்தமான பருத்தித் துணியில் 10 நிமிடம் பரப்பி வையுங்கள். மேலீரத்தைத் துணி இழுத்துக்கொள்ளும்.

எண்ணெய் 170 டிகிரி அளவில் இருக்கட்டும். வெப்பமானி இல்லாவிட்டால் ஒரு துளி மாவைப் போட்டுப் பாருங்கள்: அடியில் தங்கி இரண்டு மூன்று நொடியில் மேலே வந்தால் சரி. போட்டவுடன் மேலே துள்ளினால் சூடு அதிகம். அந்தச் சூட்டில் வெளியே சிவந்து உள்ளே ஈரம் நிற்கும், ஆறிய அரை மணியில் ரப்பராகிவிடும். கடலெண்ணெயில் ஒரு ஈடுக்கு எட்டு, பத்து போட்டு, நாலு ஐந்து நிமிடம் திருப்பித் திருப்பி வேகவிடவும். நிறத்தைப் பார்த்து எடுக்காதீர்கள், ஓசையைக் கேட்டு எடுங்கள். சலசலப்பு அடங்கினால்தான் தண்ணீர் போய்விட்டது என்று பொருள்.

எண்ணெயிலேயே உடைந்து கரைகிறதா? வெண்ணெய் கூடிவிட்டது. ஒரு கைப்பிடி அரிசி மாவைச் சேர்த்து, லேசாகத் தண்ணீர் தெளித்துப் பிசைந்து சரிசெய்யலாம். பல் உடையும் கடினமா? வெண்ணெய் குறைவு, அல்லது கனம் அதிகம். எண்ணெய் குடித்துக் கனக்கிறதா? உளுத்த மாவு கூடியிருக்கும், இல்லையேல் சூடு போதாது.

முழுக்க ஆறிய பிறகு டப்பாவில் அடையுங்கள். வெதுவெதுப்பாக மூடினால் அதன் ஆவியே அதைக் கெடுக்கும். நன்றாக மூடிய டப்பாவில் இரண்டு வாரம் நிற்கும். கடையில் வாங்குவதானால் ஒன்றை உடைத்துப் பாருங்கள். ‘டக்’ என்று முறிய வேண்டும், சிக்கு வாடை அடிக்கக் கூடாது.

சட்னிகள்

காரச் சட்னிக்கு வரமிளகாய் 8 எடுத்து 20 நிமிடம் வெந்நீரில் ஊறவைத்து, தண்ணீரை ஒட்டப் பிழியவும். தோலுரித்த பூண்டு 12 பல், பாதி நெல்லிக்காய் அளவு புளி, உப்பு சேர்த்து விழுதாக அரைக்கவும். தண்ணீர் இரண்டு தேக்கரண்டிக்கு மேல் வேண்டாம். பூண்டை வதக்கக் கூடாது. வதக்கினால் இனிப்பு ஏறி இட்லிச் சட்னியாகிவிடும். காரம் தாங்காதவர்கள் மிளகாயில் பாதியைக் காஷ்மீரி வகையாக மாற்றிக்கொள்ளலாம். தக்காளி சேர்த்துக் காரத்தைத் தணிப்பது வழக்கத்தில் உண்டு, ஆனால் தக்காளி தண்ணீர் விடும். சேர்ப்பதானால் எண்ணெயில் சுருள வதக்கி ஆறவைத்த பிறகே அரைக்க வேண்டும். மிச்சமிருந்தால் குளிர்பெட்டியில் வையுங்கள், பச்சைப் பூண்டு விழுதை வெளியில் விடுவது நல்லதல்ல.

பச்சைச் சட்னிக்கு ஒரு சிறு கட்டு மல்லித்தழை (இளந்தண்டோடு 50 கிராம்), கைப்பிடி புதினா இலை, பச்சை மிளகாய் 4, பொட்டுக்கடலை 1 மேசைக்கரண்டி, உப்பு. தழையைக் கழுவித் துணியில் ஒற்றி ஈரம் எடுத்த பிறகே மிக்ஸியில் போடவும். பொட்டுக்கடலை இங்கே ருசிக்காக மட்டும் இல்லை, தழை விடும் சாற்றை அது பிடித்துவைக்கிறது. கரண்டியைச் சாய்த்தால் வழியாமல் நிற்கும் பதம் வேண்டும். எலுமிச்சைச் சாற்றை இதில் முன்கூட்டியே ஊற்றாதீர்கள். புளிப்பு பட்டுக் கொஞ்ச நேரத்தில் பச்சை நிறம் பாசி நிறமாகிவிடும்.

துருவல்

நடுத்தர கேரட் 1, பீட்ரூட் பாதி, பெரிய வெங்காயம் 1, மாங்காய் பாதி. மாங்காய் பருவத்தில் கிளிமூக்கு கிடைத்தால் அதுதான் முதல் தேர்வு: சதை கெட்டி, புளிப்பு அளவு. கேரட்டையும் பீட்ரூட்டையும் துருவியின் சிறிய கண்ணில் துருவவும். பெரிய கண்ணில் துருவினால் நார் நாராக வெளியே தொங்கும். பீட்ரூட் துருவலை ஒருமுறை குளிர்ந்த நீரில் அலசி ஒட்டப் பிழிந்துவிட்டால் மண்வாடையும் குறையும், சாயமும் அதிகம் இறங்காது. மாங்காயைத் துருவி லேசாகப் பிழியவும். வெங்காயத்தைப் பொடியாக நறுக்க வேண்டும், துருவக் கூடாது.

எல்லாவற்றையும் தனித்தனிக் கிண்ணத்தில் வையுங்கள். உப்பு போட்டுப் பிசறி வைப்பதுதான் வீட்டில் அதிகம் நடக்கும் தவறு. உப்பு பட்ட காய் ஐந்து நிமிடத்தில் தண்ணீர் விடும். உப்பு சட்னியிலேயே இருக்கிறது, அது போதும்.

அடுக்குவது

சாப்பிடுபவர் வந்து உட்கார்ந்த பிறகே ஆரம்பிக்கவும். ஐந்து தட்டுவடையைத் தட்டில் வரிசையாக வைத்து, ஒவ்வொன்றிலும் அரை தேக்கரண்டி காரச் சட்னியை நடுவில் வைத்து விரலகலத்துக்குத் தேய்க்கவும், ஓரம் வரை போக வேண்டாம். அதன்மேல் வெங்காயம், கேரட், பீட்ரூட், மாங்காய் எல்லாம் சேர்ந்து ஒரு குவித்த தேக்கரண்டி. எலுமிச்சை இரண்டு சொட்டு, மாங்காய் இருந்தால் அதுவும் தேவையில்லை. இன்னொரு தட்டுவடையில் பச்சைச் சட்னியைத் தடவிக் கவிழ்த்து, துருவல் சட்னியில் ஒட்டும் அளவுக்கு மட்டும் அழுத்தவும்.

இந்த முறை கைவந்தால் மற்ற வகைகள் தானே வரும். துருவலுக்குப் பதில் மெல்லிய தக்காளி வில்லை வைத்தால் தக்காளி செட், மாங்காய் வில்லை வைத்தால் மாங்காய் செட். தட்டுவடைக்குப் பதில் சின்ன முறுக்கு வைத்தால் முறுக்கு செட். முறுக்கின் இடுக்கில் சட்னி இறங்கிவிடுவதால் அதற்கு இன்னும் கெட்டியான சட்னி வேண்டும்.

உடைந்த தட்டுவடைகளை வீணாக்க வேண்டாம், நொறுக்கல் அதற்கென்றே இருக்கிறது. ஒரு ஆளுக்கு ஐந்தாறு தட்டுவடையைக் கையால் நொறுக்கி, ஒரு கைப்பிடி பொரி, இரண்டு கைப்பிடி துருவல், இரண்டு சட்னியிலும் ஒவ்வொரு தேக்கரண்டி போட்டுக் குலுக்கினால் முடிந்தது. வேகவைத்த முட்டை ஒன்றை உதிர்த்துச் சேர்த்தால் முட்டை நொறுக்கல். சிறியவர்களுக்கு இதுதான் தோது, காரத்தைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம். நொறுக்கலில் பொரியைக் கடைசியாகப் போடவும், அது தட்டுவடையைவிட வேகமாக நமத்துப்போகும்.

பார்சல் கட்ட வேண்டுமென்றால் அடுக்கிய செட்டைக் கட்டாதீர்கள். தட்டுவடை ஒரு பொட்டலம், துருவல் ஒன்று, சட்னி இரண்டு எனத் தனித்தனியாகக் கொடுத்து, வீட்டுக்குப் போனதும் அடுக்கிக்கொள்ளச் சொல்லுங்கள்.