ரெஸ்யூமில் வேலையை எழுதுங்கள்

வடசென்னையில் மணலி, எண்ணூர் பக்கம் கன்டெய்னர் யார்டுகளுக்கு ஆள் எடுக்கிறவன் நான். தம்பி, தங்கச்சிகளே, ரெஸ்யூம் ஒரே பக்கம் போதும். மதம், ஆதார் நம்பர், பொழுதுபோக்கு எதுவும் வேண்டாம். பெயர், போன் நம்பர், ஏரியா இருக்கட்டும். திருவொற்றியூர் என்று பார்த்தாலே நைட் ஷிப்டுக்கு வந்து போக முடியும் என்று எனக்குத் தெரிந்துவிடும்.

அடுத்து நேராக வேலை. ‘கடின உழைப்பாளி’ என்பதை எல்லாரும்தான் எழுதுகிறார்கள். ‘ராயபுரம் குடோனில் 2 வருஷம், எக்செல்லில் ஸ்டாக் என்ட்ரி, 3 டன் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுவேன்’ என்று எழுதுங்கள், உடனே கூப்பிடுவேன். காசிமேட்டில் அப்பாவோடு மீன் ஏலக் கணக்கு எழுதியிருந்தால் அதையும் தைரியமாகப் போடுங்கள். அது முழு அனுபவம். ஐடிஐ என்றால் டிரேடும் முடித்த வருஷமும் கட்டாயம்.

பிடிஎஃப் ஆக்கி, உங்கள் பெயரிலேயே சேவ் செய்து அனுப்புங்கள்.