நாயை விடுதியில் விடும் முன் சாப்பாட்டைக் கட்டுங்கள்

விடுதியில் விட்ட நாய்க்கு அதிகம் வரும் தொல்லை வயிற்றுப்போக்கு. புது இடத்துப் பதற்றத்தோடு சாப்பாடும் திடீரென மாறினால் குடல் தாங்காது. அதனால் வீட்டில் சாப்பிடுவதையே கொடுத்தனுப்புங்கள். ஒரு வேளைக்கு ஒரு பொட்டலமாக அளந்து கட்டி, மேலே நாயின் பெயரை எழுதுங்கள். ஒரே பையில் மொத்தமாகக் கொடுத்தால் ஆளுக்கு ஆள் அளவு மாறும். திரும்பி வரத் தாமதமானால் உதவ, 2 நாளுக்குக் கூடுதலாக வையுங்கள். சோறும் கோழியும் தின்று பழகிய நாயா? அங்கே சமைப்பார்களா என்று முன்பே கேளுங்கள். இல்லையென்றால் 10 நாளுக்கு முன்பிருந்தே அவர்கள் போடும் உலர் தீவனத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து பழக்குங்கள்.

தடுப்பூசியைக் கிளம்பும் நாளில் போட்டால் பயனில்லை. எதிர்ப்பு சக்தி உருவாக ஏறக்குறைய 2 வாரம் வேண்டும். தடுப்பூசி அட்டையைக் கேட்காமலே நாயைச் சேர்த்துக்கொள்ளும் இடத்தை நம்பாதீர்கள்.

முதல் நாள் பாதிச் சாப்பாட்டை மிச்சம் வைப்பது சகஜம். நாள் முழுக்கச் சாப்பிடாவிட்டாலோ, மலத்தில் ரத்தம் தெரிந்தாலோ எந்த மருத்துவரிடம் போக வேண்டும், உங்களைக் கேட்காமல் எவ்வளவு வரை செலவழிக்கலாம் என்பதை எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள்.