ஒரு நாள் ஸ்டார்ட் ஆகும், ஒரு நாள் ஆகாது: பழைய காரில் கோளாறு தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய கார் வைத்திருப்பவரின் பணத்தை வீணாகக் கரைப்பதில் முதலிடம் எப்போதாவது மட்டும் ஸ்டார்ட் ஆகாமல் போகும் கோளாறுக்குத்தான். ஒரேயடியாகப் படுத்துவிட்ட வண்டி அப்படி இல்லை. டோ பண்ணி வொர்க்‌ஷாப்பில் விட்டாலும் அது அங்கேயும் ஸ்டார்ட் ஆகாமல்தான் நிற்கும். மெக்கானிக் ஒவ்வொரு இடமாகப் பார்த்துக்கொண்டே வந்து கண்டுபிடித்துவிடுவார். காலையில் மக்கர் பண்ணிவிட்டு, மெக்கானிக் சாவியைத் திருப்பியதும் சட்டென்று பிடித்துக்கொள்ளும் வண்டியில்தான் ஊகம் ஆரம்பிக்கிறது. முதலில் பேட்டரி மாற்றுவார்கள். பத்து நாள் ஓடும். மறுபடி நிற்கும். அப்புறம் இன்ஜினை முதலில் சுற்றிவிடும் செல்ஃப் மோட்டார், அப்புறம் ஸ்பார்க்குக்கு உயர் வோல்டேஜ் தரும் காயில், அப்புறம் பெட்ரோல் பம்ப். பில் ஏறிக்கொண்டே போகும், கோளாறு இருந்த இடத்திலேயே இருக்கும்.

மாருதி 800, ஆம்னி, ஜென், பழைய சான்ட்ரோ மாதிரியான பெட்ரோல் கார்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். இந்த வகைக் கோளாறை அது இருக்கும் நிமிடத்தில்தான் பிடிக்க முடியும். வண்டி நன்றாக ஓடும் நேரத்தில் சோதித்தால் எல்லாம் நன்றாக இருப்பதாகத்தான் தெரியும். கீழே வரும் தவறுகளில் பெரும்பாலானவை இதை மறப்பதால் வருபவை.

இரண்டு கோளாறுகளை ஒன்றாக நினைப்பது

மெக்கானிக்கிடம் போய் "சில நேரம் ஸ்டார்ட் ஆகல" என்று மட்டும் சொன்னால் அவருக்குப் பாதித் தகவல்கூடக் கிடைக்கவில்லை. செல்ஃப் சுற்றவே இல்லையா, அல்லது நன்றாகச் சுற்றியும் இன்ஜின் பிடிக்கவில்லையா? இவை இரண்டும் வேறு வேறு வழிகள். செல்ஃப் சுற்றவில்லை என்றால் பேட்டரி, டெர்மினல், எர்த் (கரன்ட் பேட்டரியின் நெகட்டிவுக்குத் திரும்பும் வழி), இக்னிஷன் சுவிட்ச், சோலனாய்டு (செல்ஃபுக்குப் பெரிய கரன்ட்டை விடும் காந்த சுவிட்ச்), செல்ஃப் மோட்டார் ஆகியவற்றுக்குள் எங்கோ பழுது. சுற்றியும் பிடிக்கவில்லை என்றால் ஸ்பார்க் வரவில்லை, அல்லது பெட்ரோல் வரவில்லை. முதல் வகையில் பெட்ரோல் பம்ப்பை மாற்றுவதும் இரண்டாம் வகையில் செல்ஃபைக் கழற்றுவதும் வெட்டிச் செலவு.

செல்ஃப் சுற்றாதபோது ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு சாவியைத் திருப்பிப் பாருங்கள். செலவில்லாத சோதனை, நிறையவே சொல்லும். லைட் முற்றிலும் அணைந்து, சாவியை விட்டதும் மெல்ல உயிர் பெற்றால் பேட்டரி டெர்மினலில் பிடிப்பு இல்லை, அல்லது பேட்டரியே போய்விட்டது. லைட் மங்கி, 'டக் டக் டக்' என்று தொடர்ந்து சத்தம் வந்தால் பேட்டரியில் சார்ஜ் இல்லை என்பதற்கே வாய்ப்பு அதிகம். லைட் பளிச்சென்று இருக்க, ஒரே ஒரு 'டக்' கேட்டு நின்றால் சோலனாய்டின் உள்ளே இருக்கும் செம்புக் கான்டாக்ட் தேய்ந்திருக்கலாம், கார்பன் பிரஷ் குறுகியிருக்கலாம், இன்ஜினுக்கும் பாடிக்கும் இடையிலான எர்த் விட்டிருக்கலாம். லைட்டும் மங்கவில்லை, சத்தமும் இல்லை என்றால் சோலனாய்டுக்குப் போகும் சின்ன ஒயரில் கரன்ட் வருகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.

எப்போது நிற்கிறது என்று குறித்து வைக்காதது

ஒரு சின்ன நோட்டோ, போனில் ஒரு குறிப்போ போதும். இன்ஜின் சூடாக இருந்ததா, ராத்திரி முழுக்க நின்று குளிர்ந்திருந்ததா? மழை பெய்ததா? பெட்ரோல் எவ்வளவு இருந்தது? எவ்வளவு நேரம் கழித்து தானாகச் சரியானது? நான்கைந்து முறை எழுதினாலே ஓர் ஒழுங்கு தெரிய ஆரம்பிக்கும்.

பலர் தவற விடும் விஷயம் ஒன்று இங்கே உண்டு. வண்டியை நிறுத்தியவுடன் இன்ஜின் குளிர ஆரம்பித்துவிடும் என்று நினைக்கிறோம். முதல் கால் மணி, அரை மணி நேரத்துக்கு பானட்டுக்குள் இருக்கும் சூடு ஏறத்தான் செய்யும். கூலன்ட் சுற்றுவது நின்றுவிட்டது, காற்றும் வரவில்லை, இன்ஜினின் சூடு மட்டும் வெளியே வந்துகொண்டிருக்கிறது. அதனால்தான் பெட்ரோல் பங்க்கிலோ மளிகைக்கடை வாசலிலோ பத்து நிமிடம் நிறுத்திவிட்டு வந்து சாவி போட்டால் பிடிக்காது, ஒரு மணி நேரம் கழித்துப் பிடித்துக்கொள்ளும். இந்த ஒழுங்கு தெரிந்தால் பேட்டரிப் பக்கம் போகவே வேண்டாம். எம்பிஎஃப்ஐ வண்டியில், அதாவது கார்புரேட்டர் இல்லாமல் கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் பெட்ரோலைப் பீய்ச்சும் வண்டியில், இன்ஜின் சுற்றும் நிலையைச் சொல்லும் கிராங்க் சென்சார் அல்லது கேம் சென்சார், இக்னிஷன் காயில், பெட்ரோல் பம்ப் ரிலே ஆகியவற்றைச் சந்தேகிக்கலாம். சூட்டில் விரிந்து விட்டுப்போகும் இணைப்புகள் இவை. 1990களின் ஹோண்டா கார்களில் மெயின் ரிலேயின் உள்ளே இருக்கும் ஈயப்பற்று விரிசல் விட்டு, வெயிலில் நின்ற வண்டி ஸ்டார்ட் ஆகாமல் போவது உலகம் முழுக்க அறிந்த கோளாறு.

கார்புரேட்டர் வண்டி என்றால் கதை வேறு. 2000-இல் எம்பிஎஃப்ஐ வருவதற்கு முந்தைய மாருதி 800-இலும், பழைய அம்பாசடரிலும் பெட்ரோல் பம்ப் இன்ஜினோடு ஒட்டியே இருக்கும். சூட்டில் பெட்ரோல் லைனுக்குள்ளேயே ஆவியாகி, பம்ப்பால் இழுக்க முடியாமல் போகும். அந்தக் காலத்து டிரைவர்கள் பம்ப்பின் மேல் ஈரத்துணி போட்டது இதற்காகத்தான். இன்றும் இது நல்ல சோதனை. ஈரத்துணி போட்ட சில நிமிடங்களில் பிடித்துக்கொண்டால் காரணம் கிட்டத்தட்டத் தெரிந்துவிட்டது.

மீட்டர் 12.6 காட்டுகிறது, பேட்டரி நல்லது என்று முடிவு கட்டுவது

நிறுத்தி வைத்த வண்டியின் பேட்டரியில் மல்டிமீட்டர் காட்டும் 12.6 வோல்ட் என்பது முழு சார்ஜ். ஆனால் அது சுமை இல்லாத நிலையின் கணக்கு. உள்ளே ஒரு செல் பலவீனமாக இருந்தாலும் 12.4, 12.5 காட்டும். செல்ஃப் சுற்றும்போது எவ்வளவுக்கு இறங்குகிறது என்பதுதான் முக்கியம். ஒருவர் சாவியைத் திருப்ப, இன்னொருவர் மீட்டரைப் பார்க்க வேண்டும். 10-க்கு மேல் நின்றால் நிம்மதி. 9.6-க்குக் கீழே போனால் முதலில் பேட்டரியை முழுதாகச் சார்ஜ் செய்து மறுபடி பாருங்கள். அப்போதும் இறங்கினால் பேட்டரி சந்தேகத்துக்குரியது. ஓடும் வண்டியில் சுமார் 13.8 முதல் 14.5 வரை வர வேண்டும். அது வரவில்லை என்றால் எத்தனை பேட்டரி மாற்றினாலும் பயன் இல்லை.

இங்கே ஒரு கெட்ட பழக்கத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். "டைனமோ சார்ஜ் பண்ணுதான்னு பார்க்கலாம்" என்று, ஓடும் வண்டியில் பேட்டரி டெர்மினலைக் கழற்றுவார்கள். உண்மையான டைனமோ இருந்த காலத்துப் பழக்கம் அது. இப்போது இருப்பது ஆல்டர்னேட்டர். ஓடும்போது பேட்டரியைப் பிரித்தால் வோல்டேஜ் ஒரு நொடியில் பல மடங்கு எகிறி, ஆல்டர்னேட்டரின் டயோடையும், இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரான ஈசியூவையும் கொல்லக்கூடும். மீட்டரில் பத்து நொடியில் தெரியும் விஷயத்துக்கு இவ்வளவு பெரிய ஆபத்து வேண்டாம். உங்கள் வண்டியில் யாராவது அப்படிச் செய்யப் போனால் தைரியமாகத் தடுத்துவிடுங்கள்.

எர்த்தை மறப்பது

என் அனுபவத்தில் மிக அதிகம் கவனிக்கப்படாத இடம் இதுதான். பாசிட்டிவ் கேபிளைப் பளபளவென்று தேய்த்துவிட்டு, நெகட்டிவ் பக்கத்தைத் தொடாமல் விட்டுவிடுவார்கள். செல்ஃபுக்குப் போன அத்தனை கரன்ட்டும் இன்ஜின் வழியாக, எர்த் பட்டை வழியாகத் திரும்பி வந்தாக வேண்டும். சின்ன காரில்கூட செல்ஃப் 100 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். 0.02 ஓம் தடை இருந்தாலே 2 வோல்ட் அங்கேயே போய்விடும்.

உறவினர் ஒருவரின் மாருதி 800 ஒன்று. பேட்டரியும் செல்ஃபும் ஏற்கெனவே மாறியிருந்தன. சாவியைத் திருப்பினால் சில நேரம் 'டக்' என்று மட்டும் கேட்கும். ஹெட்லைட் மங்காது. அந்த நிலையில் பானட்டைத் திறந்து ஆக்ஸிலேட்டர் கேபிளைத் தொட்டுப் பார்த்தால் வெதுவெதுப்பாக இருந்தது. எர்த் வழி அடைபட்டதால் கரன்ட் அந்த மெல்லிய கேபிள் வழியாகத் திரும்பிக்கொண்டிருந்தது. கியர்பாக்ஸிலிருந்து பாடிக்கு வரும் பின்னல் பட்டையைக் கழற்றிப் பார்த்தோம். மேலே பார்க்க முழுசாக இருந்தது. போல்ட் மாட்டும் வளையமான லக்கை மடித்துப் பிடித்திருக்கும் இடத்தில் பச்சை பூத்து, உள்ளே சில இழைகள்தான் மிச்சம். போல்ட்டுக்கு அடியில் பெயின்ட் வேறு. புதுப் பட்டை போட்டு, அடியில் உலோகம் தெரியும்வரை சுரண்டி இறுக்கியதோடு சரி. அந்தப் பட்டையின் விலை ஒரு வேளை ஓட்டல் சாப்பாட்டுச் செலவுதான்.

இதை மீட்டரின் ஓம் அளவில் வைத்துப் பார்த்தால் தெரியாது. ஓர் இழை மிச்சமிருந்தாலும் மீட்டர் பூஜ்யம் காட்டும். கரன்ட் பாயும்போதுதான் அளக்க வேண்டும். இன்ஜின் பிடித்துவிடாமல் இருக்க காயிலின் சின்ன கனெக்டரையோ பம்ப் ரிலேயையோ கழற்றிவிடுங்கள். மீட்டரை வோல்ட்டில் வைத்து, ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவ் ஈயக் கம்பத்திலேயே வையுங்கள். கிளாம்ப்பில் வைத்தால் கிளாம்ப்புக்கும் கம்பத்துக்கும் இடையிலான பழுது கணக்கில் வராது. மறுமுனையை இன்ஜினில் பெயின்ட் இல்லாத இடத்தில் வைத்து செல்ஃபைச் சுற்றச் சொல்லுங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த்தில் பழுது. பாசிட்டிவ் கம்பத்துக்கும் செல்ஃபின் தடித்த போல்ட்டுக்கும் இடையில் அரை வோல்ட்டைத் தாண்டக் கூடாது.

சோலனாய்டின் சின்ன ஒயரையும் இப்படியே பாருங்கள். பழைய வண்டிகளில் அந்தக் கரன்ட் இக்னிஷன் சுவிட்ச் வழியாகச் சுற்றி வருவதால், சுவிட்ச் தேய்ந்தால் 12 வோல்ட் புறப்பட்டு 8 வோல்ட்தான் போய்ச் சேரும். சோலனாய்டு சில நேரம் இழுக்கும், சில நேரம் இழுக்காது. சுவிட்சை மாற்றலாம், அல்லது ஒரு ரிலே போட்டு அந்தச் சுமையைச் சுவிட்சிலிருந்து எடுத்துவிடலாம். எதைச் செய்தாலும் சரி, கியர் நியூட்ரலில் இருக்கிறதா, ஹேண்ட்பிரேக் போட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் செல்ஃபுக்கு நேரடியாகக் கரன்ட் கொடுக்க வேண்டும். கியரில் இருந்தால் வண்டி முன்னால் நிற்பவர் மேல் பாயும்.

எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் ஆட்டிப் பார்ப்பது

வண்டி நின்றதும் பதற்றத்தில் டெர்மினலைத் திருகி, ஃபியூஸை அழுத்தி, ஒயரிங்கை ஆட்டி, செல்ஃபில் ஸ்பேனரால் ஒரு தட்டு தட்டுவோம். பிடித்துக்கொள்ளும். எதனால் பிடித்தது? தெரியாது. கையில் இருந்த ஒரே தடயமும் போய்விட்டது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் செய்து, சாவியைத் திருப்பிப் பாருங்கள். தட்டியதும் செல்ஃப் சுற்றினால் பிரஷ் அல்லது சோலனாய்டு என்று ஏறக்குறைய தெரிந்துவிடும். அதோடு தட்டித் தட்டியே ஆறு மாதம் ஓட்ட வேண்டாம்.

சுற்றியும் பிடிக்காத வண்டியில் ஸ்பார்க் பார்க்க, பிளக் ஒயரைக் கையில் பிடித்துக்கொண்டு இன்ஜினில் உரசுவதும் தவறு. ஷாக் அடிக்கும். எம்பிஎஃப்ஐ வண்டியில் காயிலும் இக்னைட்டரும் போகக்கூடும். ஒரு நல்ல ஸ்பேர் பிளக்கை ஒயரில் மாட்டி, அதன் உலோக உடலை இன்ஜினோடு நன்றாகத் தொடுமாறு வைத்துப் பாருங்கள். அருகில் பெட்ரோல் கசிவு இருக்கக் கூடாது. மழைநாளில் மட்டும் வரும் கோளாறு என்றால் ராத்திரி இருட்டில் பானட்டைத் திறந்து, ஓடும் இன்ஜினின் பிளக் ஒயர்கள் மேல் ஸ்ப்ரே பாட்டிலால் லேசாகத் தண்ணீர் தெளியுங்கள். கை ஒயரில் படவே கூடாது. இன்சுலேஷன் வெடித்த இடத்தில் நீலப் பொறி ஓடுவது கண்ணுக்குத் தெரியும்.

பம்ப்பின் 'ம்ம்' சத்தம் கேட்டால் பெட்ரோல் வருகிறது என்று அர்த்தமில்லை. பம்ப் சுற்றலாம், பிரஷர் வராமல் இருக்கலாம். பிரஷர் கேஜ் போட்டால்தான் தெரியும். ஸ்கேனரில் எரர் கோடு இல்லை என்பதும் கோளாறு இல்லை என்பதற்குச் சான்றல்ல. சோலனாய்டையும் எர்த்தையும் இந்த வண்டிகளின் ஈசியூ கவனிப்பதே இல்லை.

பிற்பாடு மாட்டியவற்றைச் சந்தேகிக்காதது

இருபது வருட வண்டியில் கம்பெனி ஒயரிங் மட்டுமா இருக்கிறது? சென்ட்ரல் லாக், அலாரம், மியூசிக் சிஸ்டம், கேஸ் கிட் என்று ஒவ்வொருவர் ஒவ்வொன்றைச் சேர்த்திருப்பார்கள். அலாரம் பெட்டிகள் பல, இக்னிஷன் ஒயரையோ செல்ஃப் ஒயரையோ வெட்டி நடுவில் ஒரு ரிலேயை மாட்டியிருக்கும். ஸ்டியரிங்கின் கீழே, வெயிலில் பசை இளகிய டேப்புக்குள் முறுக்கிவிட்ட இணைப்பாக அது இருக்கும். அலாரத்தை அணைத்து வைத்தாலும் அந்த ரிலே வழியாகத்தான் கரன்ட் போகிறது. கேஸ் கிட் போட்ட ஆம்னியில் பெட்ரோல் - கேஸ் சுவிட்ச் தேய்ந்தால் பெட்ரோலைத் திறந்துவிடும் சோலனாய்டு வால்வுக்குக் கரன்ட் விட்டு விட்டு வரும். கேஸில் ஓடி, பெட்ரோலில் பிடிக்கவில்லை என்றால் அங்கேதான் முதலில் பார்க்க வேண்டும். எலி கடித்த ஒயரையும் மறக்க வேண்டாம்.

சாவியில் சிப் உள்ள வண்டி என்றால் மீட்டர் போர்டில் சாவிப் படம் போட்ட விளக்கு மின்னுகிறதா என்று நின்ற நிமிடத்திலேயே பாருங்கள். மின்னினால் ஸ்பேர் சாவியைப் போட்டுப் பாருங்கள்.

ஸ்டார்ட் ஆகிவிட்டது, சரியாகிவிட்டது என்று நம்புவது

ஒரு பாகத்தை மாற்றியதும் வண்டி ஸ்டார்ட் ஆவதில் ஆச்சரியமில்லை. மாற்றாமல் இருந்தாலும் அந்த நேரம் ஸ்டார்ட் ஆகியிருக்கலாம். கோளாறு எந்த நிலையில் வந்ததோ, அதே நிலையில் சோதித்தால்தான் கணக்கு. சூட்டில் நின்ற வண்டியை அரை மணி நேரம் ஓட்டி, பத்து நிமிடம் நிறுத்தி, மறுபடி ஸ்டார்ட் செய்து பாருங்கள். அதைப் பல தடவை செய்யுங்கள். முன்பு பத்து நாளைக்கு ஒருமுறை நின்ற வண்டி என்றால் ஒரு மாதமாவது நிற்காமல் ஓட வேண்டும். அதுவரை கழற்றிய பழைய பாகத்தைக் கடையிலேயே விட்டுவிடாமல் வாங்கி வையுங்கள். மறுபடி நின்றால் அந்தப் பழைய பாகம் நல்லதுதான் என்று தெரிந்துவிடும், அதை ஸ்பேராக வைத்துக்கொள்ளலாம்.

காரில் ஒரு சின்ன மல்டிமீட்டர், ஒரு டெஸ்ட் லேம்ப், ஒரு ஸ்பேர் பிளக், அதே நம்பர் ரிலே ஒன்று இருக்கட்டும். வண்டி நிற்கும் அந்த நிமிடம் உங்களிடம்தான் வரும், மெக்கானிக்கிடம் வராது. சாவியைத் திருப்பும்போது போனில் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். செல்ஃப் சத்தம் கேட்க வேண்டும், மீட்டர் போர்டு விளக்குகள் தெரிய வேண்டும். அதைக் காட்டினால் மெக்கானிக் எந்தப் பக்கம் தேட வேண்டும் என்பதைப் பார்த்தவுடனே சொல்லிவிடுவார்.