மாற்றுத்திறனாளிக் குழந்தைகளுக்குத் தத்துக் குடும்பம் அமைய நிதி திரட்டுவது எப்படி: தில்லித் தமிழர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஆர்.கே.புரத்திலோ மயூர் விஹாரிலோ பொங்கல் விழாவையோ நவராத்திரியையோ ஒட்டி நன்கொடை திரட்ட நினைப்பவர்கள், முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். குழந்தைகள் இல்லத்தில் வளரும் குழந்தைக்குக் காசு கொடுத்துப் பெற்றோரைத் தேடித் தர யாருக்கும் உரிமை இல்லை. குழந்தைகள் நலக் குழு அந்தக் குழந்தையைத் தத்துக்கு உரியது என்று அறிவிக்க வேண்டும். தத்தெடுக்க விரும்புவோர் மத்திய தத்தெடுப்பு ஆணையமான காராவின் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். அவர்களின் குடும்பச் சூழலை நேரில் அறியும் வீட்டாய்வு முடிந்து, 2022 செப்டம்பரிலிருந்து நடைமுறையில் உள்ளபடி மாவட்ட ஆட்சியர் ஆணை பிறப்பிக்க வேண்டும். ஆகவே "ஒரு குழந்தையின் தத்தெடுப்புக்கு உதவுங்கள்" என்று நன்கொடை கேட்கும் அறிக்கையில் எழுதுவதே தவறு.

பிறகு பணம் எதற்கு? தத்தெடுக்க வரும் தம்பதியின் தயக்கம் பெரும்பாலும் குறைபாட்டைக் கண்டு எழுவதில்லை, அதைப் பற்றிய தெளிவின்மையால் எழுகிறது என்பது என் கருத்து. மருத்துவ அறிக்கையில் "வளர்ச்சித் தாமதம்" என்ற இரண்டு சொற்கள் மட்டும் இருந்தால், அவர்கள் மனம் மிக மோசமானதையே கற்பனை செய்யும். அதே குழந்தை சுவரைப் பிடித்து நடக்கிறது, ஒரு காதில் கருவி வைத்தால் குரலுக்குத் திரும்புகிறது, வாரத்துக்கு இரண்டு முறை இயன்முறை சிகிச்சை பெறுகிறது, அடுத்த ஆண்டு இன்ன பரிசோதனை தேவைப்படும் என்று அறிக்கை சொன்னால், முடியும் என்றோ முடியாது என்றோ அவர்கள் நேர்மையாக முடிவெடுக்கலாம். நீங்கள் திரட்டும் நிதி இந்தத் தெளிவுக்கே போக வேண்டும்.

இதற்கு இல்லத்தின் பொறுப்பாளரிடம் சென்று, எந்தச் செலவு ஏற்கெனவே ஈடாகிறது, எது ஈடாகவில்லை என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். எய்ம்ஸ் போன்ற அரசு மருத்துவமனைகளில் சிகிச்சைச் செலவு குறைவு. பிளவு உதட்டு அறுவை சிகிச்சையை ஸ்மைல் ட்ரெயின் அமைப்பின் உதவியால் இலவசமாகவே செய்துகொள்ளலாம். மூளை முடக்குவாதம், ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உடையோருக்குத் மத்திய அரசின் தேசிய அறக்கட்டளை வழங்கும் நிராமயா மருத்துவக் காப்பீடு ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை கிடைக்கிறது. இல்லங்கள் திணறுவது வேறிடத்தில். விடியற்காலையில் புறநோயாளிப் பிரிவு வரிசையில் குழந்தையோடு நின்று, மாலை வரை காத்திருக்க ஓர் ஆயாவை அனுப்பினால், மற்றக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்காது. அந்த ஆயாவின் சம்பளம், ஆட்டோ வாடகை, வாராந்திரப் பேச்சுப் பயிற்சி, கேட்கும் கருவியின் பேட்டரி ஆகியவற்றுக்கு நன்கொடை தருபவர் அரிது. உங்கள் பட்டியலின் தலையில் இவற்றையே வையுங்கள்.

குழந்தையின் புகைப்படம் வேண்டாம். பெயர், முகம், படிக்கும் பள்ளி என அடையாளம் காட்டும் எதையும் வெளியிடுவது சிறார் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவின்படி குற்றம். 6 மாதம் வரை சிறையோ 2 லட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம். வாட்ஸாப் குழுவில் பகிர்வதும் வெளியீடுதான். சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். இரக்கத்தைத் தூண்ட எடுத்த படத்தை அந்தக் குழந்தை பதினைந்து வயதில் பார்க்க நேரலாம்.

பணத்தை உங்கள் கைப்பேசி எண்ணுக்கு வாங்காதீர்கள். ஒரு முறை நான் அப்படி வாங்கிவிட்டு, வரவு வைத்த ஒவ்வொரு நூறு ரூபாய்க்கும் பல மாதம் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தேன். இல்லம் தத்தெடுப்பு நிறுவனமாக அரசின் அங்கீகாரம் பெற்றதா என்று காராவின் பட்டியலில் பார்த்துவிட்டு, அந்த நிறுவனத்தின் வங்கிக் கணக்குக்கே நேராக அனுப்பச் சொல்லுங்கள். 80ஜி எனப்படும், நன்கொடைக்கான வருமான வரிச் சலுகையை எதிர்பார்ப்பவர்கள் பான் எண் தர வேண்டும். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகத் தந்தால் சலுகை கிடையாது. புதிய வரி முறையைத் தேர்ந்தவர்களுக்கும் கிடையாது. அமெரிக்காவில் இருக்கும் மகனிடம் கேட்பவர்கள் இதையும் கவனிக்க வேண்டும்: இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தம் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பலாம், குடியுரிமை மாறியவர் தருவதோ வெளிநாட்டு நன்கொடை. அதைப் பெற நிறுவனத்துக்குத் தனிப் பதிவு வேண்டும். அந்த வெளிநாட்டுப் பணம் முதலில் சன்சத் மார்கில் உள்ள ஸ்டேட் வங்கியின் புதுதில்லி முதன்மைக் கிளைக் கணக்குக்கே வந்து சேர வேண்டும்.

தத்தெடுக்கப் பதிவு செய்து காத்திருப்பவர்களிடம் எக்காரணம் கொண்டும் நன்கொடை கேட்கக் கூடாது. பணம் கொடுத்தால் குழந்தை விரைவில் கிடைக்கும் என்ற எண்ணம் அவர்களுக்கும் வரக்கூடாது, பார்ப்பவர்களுக்கும் வரக்கூடாது. குழந்தை குடும்பத்தோடு சேர்ந்தபின் அதன் பயிற்சிக்கு உதவ விரும்பினால், கட்டணத்தைப் பயிற்சி மையத்துக்கே செலுத்துங்கள். பெற்றோர் கையில் பணமாகக் கொடுக்க வேண்டாம்.

ஆண்டு முடிவில் கணக்கு அனுப்பும்போது, எத்தனை குழந்தைகளுக்குக் குடும்பம் கிடைத்தது என்பதைத் தலைப்பாக்காதீர்கள். அது உங்கள் கையில் இல்லை. எத்தனை முறை பயிற்சிக்குச் சென்றார்கள், எத்தனை பேரின் மருத்துவ அறிக்கை புதுப்பிக்கப்பட்டது, எவ்வளவு மிச்சம் என்று எழுதுங்கள். சில குழந்தைகளுக்குக் குடும்பம் அமையாமலே போகலாம், அவர்களுக்கும் இதே நிதியிலிருந்து பயிற்சி தொடரும் என்ற ஒரு வரியை, பணம் கேட்கும் முதல் அறிக்கையிலேயே சேர்த்துவிடுங்கள்.