பூட்டுன ரூமுக்கு முன்னாடி நின்னவன், குடிய விடற மீட்டிங்கக் கண்டுபுடிச்சது இப்படித்தானுங்க

குடிய விட்டு 11 நாள், கை நடுக்கம் டாக்டர் குடுத்த மாத்திரையில அடங்கிருச்சு, ஆனா பனியன் கம்பெனி ஷிப்ட் முடிஞ்சா கால் தானா கடைப்பக்கம் திரும்புதுங்க. குடிய விட நெனைக்கறவங்க ஒண்ணாக் கூடி ஒருத்தருக்கொருத்தர் ஒதவிக்கற ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்ங்கிற குரூப்போட மீட்டிங் போலாம்னு திருப்பூர்ல ஒரு அட்ரஸ் புடிச்சுப் போனா ரூம் பூட்டிக் கெடக்குது, எடம் மாத்தி மாசக்கணக்காச்சாம். அன்னிக்கு குடிக்காம ஊடு வந்து சேந்ததே பெருசு.

மக்யா நாளு வைத்தியம் பாத்த டாக்டர்கிட்டயே கேட்டேன், அவரு அந்தக் குரூப் மெம்பர் ஒருத்தரோட நம்பரக் குடுத்தாரு. போன் பண்ணுனதும் அந்தண்ணன் "பஸ் ஸ்டாண்டுலயே நில்லு கண்ணு, நான் வந்து கூட்டிட்டுப் போறேன்"னாருங்க. அந்த ஒரு வார்த்தைக்கு அழுதுட்டேன்.

மீட்டிங்குக்கு பீஸ் கெடையாது, முழுப்பேர் சொல்ல வேண்டியதில்ல, குடிய நிறுத்தணும்கிற ஆசை இருந்தாப் போதும். 1935ல அமெரிக்காவுல ரெண்டு குடிகாரங்க ஒருத்தருக்கொருத்தர் பேசி ஆரம்பிச்சதாமுங்க.

போறதுக்கு முன்னாடி ஓப்பன் மீட்டிங்கா குளோஸ்டான்னு கேட்டுக்கங்க, ஓப்பன்னா ஊட்டுக்காரங்களும் வரலாம். ரொம்ப நாள் குடிச்சவங்க டாக்டர் இல்லாம படக்குனு நிறுத்தாதீங்க, வலிப்பு வரலாம். யாரைக் கேக்கறதுன்னே தெரியாட்டி போதைய விட ஒதவற அரசாங்க ஹெல்ப்லைன் 14446க்கு அடிங்க, காசில்ல.

வர்ற சனிக்கெழம எனக்கு நாலாவது மீட்டிங்குங்க.