பழைய ஐஸ்லாண்டிக் கையெழுத்தை கம்ப்யூட்டரை படிக்க வைக்கிறது எப்படி

முதல்ல படம் வேணும். ஹேண்ட்ரிட் சைட்ல ரெய்க்யாவிக், கோபன்ஹேகன் ரெண்டு ஊர்லயும் இருக்கற கையெழுத்துப் பிரதிகளோட ஸ்கேன் நிறைய கிடைக்குது. ஆரம்பத்துல ஒரே ஆள் எழுதின பிரதியா பாத்து எடுங்க, 18, 19ஆம் நூற்றாண்டு காகிதப் பிரதின்னா இன்னும் நல்லது, ஏன்னா அச்சு வந்தப்புறமும் அங்க ஜனங்க கையால காப்பி எடுத்துட்டேதான் இருந்தாங்க, அதனால சரக்குக்கு பஞ்சமே இல்ல.

அப்புறம் கையெழுத்த படிக்கற சாஃப்ட்வேரான டிரான்ஸ்கிரிபஸ்லயோ ஈஸ்கிரிப்டோரியம்லயோ பக்கத்த ஏத்தி, வரி சரியா பிரிஞ்சிருக்கான்னு கண்ணால பாருங்க, வரி தப்புன்னா எழுத்தும் தப்பாத்தான் வரும்.

இப்பதான் நிஜமான வேலை. கன்னுக்குட்டித் தோல்ல எழுதின இடைக்காலப் பிரதின்னா சுருக்கக்குறி கொட்டிக் கிடக்கும், உயிரெழுத்து மேல ஒரு சின்ன கோடு இருந்தா அங்க 'ம்' (m) அல்லது 'ன்' (n) விட்டுப்போயிருக்குன்னு அர்த்தம், 'ஒக்' (ok, 'மற்றும்'னு அர்த்தம்)ங்கற சொல்லையே ஒரே குறியா போட்டிருப்பாங்க. இதையெல்லாம் விரிச்சு எழுதணுமா அப்படியே குறியா வைக்கணுமான்னு மொதல்லயே முடிவு பண்ணி கடைசி வரைக்கும் மாத்தாதீங்க, பாதி அப்படி பாதி இப்படின்னா மாடல் (நீங்க குடுக்கறத பாத்து படிக்கக் கத்துக்கற புரோகிராம்) குழம்பிடும். என் கருத்து, குறியாவே வைங்க, விரிக்கறத பின்னாடி பண்ணிக்கலாம். தோர்ன் (þ), எத் (ð) ரெண்டு எழுத்தையும் மாத்திப் போட்டுடாதீங்க.

5,000லிருந்து 15,000 வார்த்தை வரைக்கும் கையால டைப் பண்ணி, அத வச்சு மாடல ட்ரெயின் பண்ணுங்க. கொஞ்சம் பக்கத்த ட்ரெயினிங்ல சேக்காம தனியா வச்சு, எழுத்துப் பிழை எத்தன சதவீதம்னு அதுல மட்டும் பாருங்க.